மலையடிவார வீடும் மாசி பங்குனித் தீயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரங்கணி, போடி, தேவாரம், கம்பம், மேலே ஏறினால் பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம், குமுளி என்று தமிழ்நாடு கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் மலையை ஒட்டி வீடு வைத்திருப்பவர்களும் தோட்டத்திலேயே குடியிருப்பவர்களும் தை பிறந்ததும் காட்டுத்தீயைப் பற்றிக் கேட்கிற கேள்விகள் இவை. திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் வீடு காட்டுக்குள் இல்லையே, அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எங்களுக்கு எதற்கு இந்தக் கவலை?

காட்டுத்தீ என்றதும் பனைமர உயரத்துக்கு ஜுவாலை சுவர் மாதிரி வந்து வீட்டை விழுங்குவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. காற்றில் பறந்து வரும் தீப்பொறிதான் வீட்டைக் கொளுத்துகிறது. எரிகிற சருகு, பட்டைத் துணுக்கு, புல் சிலாம்பு எல்லாம் சூட்டோடு மேலே கிளம்பிச் சில நூறு மீட்டர் தாண்டிக்கூட வந்து விழும். விழுந்த இடம் வெறும் மண்ணாகவோ சிமெண்டுத் தரையாகவோ இருந்தால் அணைந்துவிடும், சருகுக் குவியலோ விறகடுக்கோ பழைய சாக்கோ இருந்தால் அரை மணி நேரம் கழித்து, ஊரே மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, உங்கள் வீட்டுப் பின்பக்கம் புகைய ஆரம்பிக்கும்.

அமெரிக்க வனத்துறையில் ஆராய்ச்சியாளராக இருந்த ஜாக் கோஹன் இதைச் சோதித்தே பார்த்தார். கனடாவில் காட்டுக்குத் தீ வைத்து, எதிரே மரச்சுவர்களை நிறுத்தினார்கள். 10 மீட்டரில் நின்ற சுவர் சில தடவை பற்றியது, 30 மீட்டரில் நின்றது பற்றவே இல்லை. மரச்சுவருக்கே இந்தக் கணக்கு என்றால், செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வைத்துக் கட்டிய நம் சுவர்களுக்குத் தூரத்து ஜுவாலையால் ஒன்றும் ஆகாது. ஆகவே மலையைப் பார்த்துப் பயப்படுகிற நேரத்தில் திரும்பி நின்று உங்கள் வாசலைப் பாருங்கள். இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்லப்போவது சுற்றிச் சுற்றி அதுதான்.

எப்போது வேலையை ஆரம்பிக்க வேண்டும்?

தையில். ஐப்பசி கார்த்திகை மழைக்கு ஆள் உயரம் வளர்ந்த புல் மார்கழிப் பனி முடிந்ததும் காய ஆரம்பிக்கிறது, மாசியில் மொறுமொறுவென்று ஆகிவிடும். மாசியிலிருந்து சித்திரையில் நல்ல கோடை மழை விழும் வரை ஆபத்துக் காலம். போடிப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம் என்பதால், மூணாறில் பச்சையாக இருக்கிற அதே நாளில் நம் சரிவு வைக்கோல் நிறத்தில் இருக்கும். அதிலும் சுக்குநாறிப் புல் இருக்கிற சரிவென்றால் கேட்கவே வேண்டாம், கசக்கினால் வாசனை வருகிறதே, அந்த எண்ணெயும் சேர்ந்துதான் எரியும். பங்குனியில் புகையைப் பார்த்துவிட்டு அரிவாளைத் தேடுவதில் பிரயோஜனம் இல்லை.

எங்கிருந்து சுத்தம் செய்வது? இரண்டு ஏக்கரையும் செதுக்க ஆள் கூலிக்கு எங்கே போவது?

இரண்டு ஏக்கரையும் செதுக்க வேண்டாம். வீட்டுச் சுவரிலிருந்து வெளியே நகருங்கள், காட்டு ஓரத்திலிருந்து உள்ளே வராதீர்கள். நிறையப் பேர் வேலி ஓரம் பளிச்சென்று புல் வெட்டிவிட்டுச் சுவரோரம் தென்னமட்டையைக் குவித்து வைத்திருப்பார்கள்.

சுவரைச் சுற்றி முதல் ஐந்தடி, அதாவது ஒன்றரை மீட்டர். இங்கே எரியக்கூடியது எதுவுமே இருக்கக் கூடாது. விறகு, தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் நாற்காலி, தேங்காய்நார் கால்மிதி, சுருட்டி வைத்த சொட்டுநீர் டியூப், பச்சை நிழல்வலை, சாய்த்து வைத்த பழைய கதவு, விளக்குமாறு, எல்லாம் போக வேண்டும். மண்ணாக விடுங்கள், அல்லது ஜல்லி கொட்டுங்கள். பூச்செடி வேண்டும் என்று வீட்டில் சொன்னால் மண் தொட்டியில் தண்ணீர் ஊற்றிப் பச்சையாக வைத்துக்கொள்ளட்டும், அதற்கு ஒன்றும் சண்டை வேண்டாம். கூலி ஆளே தேவையில்லாத வேலை இது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், பலனில் பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது.

அடுத்து 30 அடி வரை. புல்லைக் கணுக்கால் உயரத்துக்குள் வெட்டி வையுங்கள். வேரோடு பிடுங்கி மொட்டையாக்கக் கூடாது, சரிவு நிலமாக இருந்தால் ஆனி ஆடிச் சாரலில் மண் இறங்கிவிடும். உன்னிச்செடிப் புதரை மட்டும் தயவு தாட்சண்யம் இல்லாமல் எடுத்துவிடலாம், பச்சையாக இருந்தாலும் உள்ளே காய்ந்த குச்சி பின்னிக்கொண்டு கிடக்கும். அதற்கப்பால் 100 அடி வரை முடிந்த அளவு புதரைக் குறைத்து, தொடர்ச்சியை அறுத்தால் போதும்.

சரிவில் இருக்கிற வீட்டுக்குக் கீழ்ப்பக்கம்தான் முக்கியம். தீ மேல்நோக்கித்தான் ஓடும், சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. எனவே கீழ்ப்பக்கம் 100 அடியோடு நிறுத்தாமல் இன்னும் தள்ளிப் போய் வெட்டுங்கள்.

ஒரு விஷயம், புல்வெட்டும் மிஷினைக் காலையில் பனி ஈரம் இருக்கும்போதே ஓட்டி முடித்துவிடுங்கள். இரும்புப் பிளேடு கல்லில் பட்டால் பொறி பறக்கும், தீத்தடுப்புக்காகப் புல் வெட்டப் போய் அதிலேயே தீப்பிடித்தால் நன்றாகவா இருக்கும்.

ஓட்டு வீடு, தகர வீடு, மாடி வீடு, எதற்கு ஆபத்து அதிகம்?

கீற்றுக் கொட்டகைக்குத்தான் முதல் இடம், அதில் சந்தேகமில்லை. வீடு காங்கிரீட்டாக இருந்து முன்னால் கீற்றில் தாழ்வாரம் இறக்கியிருந்தால் அதுவும் கீற்று வீடுதான்.

ஓட்டு வீட்டில் ஓடு எரியாது. ஆனால் ஏணி போட்டு ஏறி ஒரு ஓட்டை நகர்த்திப் பாருங்கள். ரீப்பருக்கும் ஓட்டுக்கும் நடுவே காற்று கொண்டுவந்து திணித்த சருகு, அணில் சேர்த்த தேங்காய் நார், எலி கிழித்த துணி, பத்து வருடத்துத் தூசு. அதற்குக் கீழே பரணில் பழைய பாய், சாக்கு, ஏலக்காய்ப் பை. உடைந்த ஓட்டுச் சந்து வழியாக ஒரு பொறி இறங்கினால் போதும், வெளியே ஒன்றுமே தெரியாமல் உள்ளேயே பிடித்துக்கொள்ளும். உடைந்ததை மாற்றுங்கள், ஓரத்துச் சந்துகளைச் சாந்து வைத்து அடையுங்கள், தகரமோ கல்நாரோ போட்ட வீட்டில் மடிப்பு முடிகிற இடத்து ஓட்டைகளையும் அப்படியே. காற்றுப்போக்கி ஓட்டைக்கு மூன்று மில்லிமீட்டர் கண் உள்ள கம்பி வலை அடியுங்கள். நைலான் கொசுவலை உதவாது, சூடு பட்டதும் உருகி வழி விட்டுவிடும்.

மாடி வீட்டுக்காரர்கள் நிம்மதியாக இருக்கலாம், மொட்டைமாடியில் என்ன கிடக்கிறது என்று பார்த்த பிறகு.

போடியில் இலவம் பஞ்சு சீசனும் இதே நேரம்தானே? காய் எல்லாம் களத்தில்தான் கிடக்கிறது.

ஆமாம், நம் ஊருக்கே உள்ள தலைவலி. காய் வெடித்துப் பஞ்சு பிதுங்கும் நாளும் மலை எரிகிற நாளும் ஒன்றாகவே வருகின்றன. இலவம் பஞ்சு இழை உள்ளே வெற்றுக்குழாய், மேலே மெழுகுப் பூச்சு. பொறி பட்டால் புகைந்து யோசிப்பதெல்லாம் கிடையாது, குப்பென்று மேற்பரப்பு முழுவதும் ஓடிவிடும், பிறகு குவியலுக்குள் மணிக்கணக்கில் கனன்றுகொண்டு இருக்கும். மேலே தண்ணீர் ஊற்றினாலும் மெழுகு காரணமாக உள்ளே இறங்காது.

காய் காயப்போடும் களம் வீட்டிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி, முடிந்தால் காற்று வீட்டை விட்டு வெளியே அடிக்கிற பக்கம் இருக்கட்டும். உடைத்த பஞ்சை வீட்டுத் திண்ணையில் மூட்டை போட்டு வைக்காதீர்கள், அன்றன்றைக்கே குடோனுக்கு அனுப்பிவிடுங்கள். மலை புகைகிற நாளில் களத்துக் குவியல் மேல் தார்ப்பாய் போடுவது வெயிலுக்குச் சரி, பொறிக்குச் சரிப்படாது, பாயே பற்றும். நனைத்த சணல் சாக்குதான் கொஞ்சம் தாங்கும். அப்புறம், காய் உடைக்க வருகிறவர்கள் பீடி பிடிக்கத் தனியாக ஒரு இடம், அங்கே மண் நிரப்பிய ஒரு டப்பா. சொன்னால் கேட்பார்கள், இடம் காட்டாமல் "பிடிக்காதே" என்றால் மறைவில் போய்ப் பிடிப்பார்கள்.

தென்னை, மா எல்லாம் வெட்டணுமா?

வேண்டாம். தண்ணீர் பாயும் தோப்பு தீயைத் தடுக்கும் பக்கம்தான். தென்னையில் ஆபத்து தொங்குகிற காய்ந்த மட்டையும் பன்னாடையும். பன்னாடையை ஒரு தீக்குச்சியில் கொளுத்திப் பாருங்கள், அப்புறம் நான் சொல்லவே வேண்டாம். மரம் ஏறுகிறவரிடம் காய் வெட்டும்போதே பாளை, பன்னாடை, காய்ந்த மட்டை எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லுங்கள். பனையில் காவோலையும் அதே மாதிரி. மாமரத்தில் தரையிலிருந்து ஆறடிக்குக் கீழே உள்ள கிளைகளைக் கழித்துவிடுங்கள், கூரை மேல் சாய்ந்த கொப்பை வெட்டுங்கள், மின்கம்பியில் உரசுகிற கொப்பு என்றால் நீங்கள் ஏறாமல் மின்வாரியத்திடம் சொல்லுங்கள். தேக்கு வைத்திருப்பவர்களுக்கு மாசியில் தினமும் பெருக்குகிற வேலை உண்டு, வேறு வழியில்லை.

மலைப்பகுதியில் மரத்தையே வெட்டுவதானால் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டில் மலைப்பகுதி மரப் பாதுகாப்புக்கென்று 1955-லிருந்தே தனிச்சட்டம் இருக்கிறது, இடுக்கிப் பக்கம் ஏலமலைக் காட்டு நிலத்துக்கு வேறு கட்டுப்பாடுகள். கிளை கழிப்பதற்கும் மரம் சாய்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ரேஞ்சரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

பன்றிக்காக முள்வேலி போட்டிருக்கிறோம். அதை என்ன செய்வது?

வெட்டிப் போட்ட காய்ந்த முள் காட்டு ஓரத்திலிருந்து நேராக வந்து வீட்டுச் சுவரில் முட்டுகிறதா? அப்படியென்றால் நீங்களே வெடிக்குத் திரி வைத்த மாதிரி. வீட்டுக்கு முன் கடைசிப் பத்தடியை மட்டுமாவது எடுத்துவிட்டு இரும்புத் தகடோ கல்லோ வையுங்கள். கிளுவை, திருகுகள்ளி, கற்றாழை வைத்து உயிர்வேலி எடுத்தால் இன்னும் நல்லது, வளர இரண்டு மூன்று வருடம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இயற்கை விவசாயம் செய்கிறோம், மூடாக்கு, அதாவது மண்ணை மூடிச் சருகு போடுவது, இல்லாமல் முடியாது. நீங்கள் சருகையெல்லாம் அள்ளச் சொல்கிறீர்களே?

நியாயமான கேள்வி. வீட்டைச் சுற்றி 30 அடிக்குள் மூடாக்கு வேண்டாம், அதற்கப்பால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் வயல் முழுக்க ஒரே பாயாக விரிக்காமல், பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு தடவை இரண்டு முழம் வெறும் மண்ணை விட்டுக்கொண்டே போங்கள். ஈரமாக இருக்கிற மூடாக்கில் பொறி விழுந்தாலும் பரவாது. மக்கிய உரமாக மாற்றிப் போட்டால் பிரச்சினையே இல்லை. தரையில் இலை அழுகுவதற்கும் காய்ந்து கிடப்பதற்கும் நடுவில் இருப்பது தண்ணீர் ஒன்றுதான்.

மூங்கில் உரசித்தானே காட்டில் தீப்பிடிக்கிறது? மனிதன் என்ன செய்ய முடியும்?

பாட்டன் காலத்திலிருந்து சொல்கிறார்கள், பழியைப் போட வசதியான ஆள் மூங்கில். நம் காடுகளில் எரிவதில் ஏறக்குறைய எல்லாமே மனிதன் வைத்த தீதான், தெரிந்தோ தெரியாமலோ. புதுப்புல் துளிர்க்கட்டும் என்று மாடு மேய்ப்பவர் வைப்பது, தேன் எடுக்கப் புகை போட்டுவிட்டு அணைக்காமல் வருவது, பீடித்துண்டு, தோட்டத்தில் சமைத்த அடுப்பு, பட்டா நிலத்து வரப்பைக் கொளுத்தி அது கை மீறுவது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் புகைபோக்கியையும் இதில் சேர்க்கலாம், அதன் வாய்க்கு ஒரு கம்பி வலை போடுவது பெரிய செலவில்லை.

ஆகவே குப்பையையோ வரப்புப் புல்லையோ மாசி முதல் சித்திரை வரை எரிக்கவே வேண்டாம். காப்புக்காட்டில் தீ வைப்பது தமிழ்நாட்டில் 1882-ஆம் வருடத்துச் சட்டப்படி குற்றம், கேரளத்தில் 1961 சட்டப்படி. உங்கள் நிலத்தில் வைத்த தீ காட்டுக்குள் போனாலும் வழக்கு உங்கள் மேல்தான்.

வனத்துறை மாதிரி நாங்களே தீத்தடுப்புக் கோடு போடலாமா? எதிர்த்தீ வைக்கலாமா?

உங்கள் பட்டாவுக்குள் புல் புதரை எடுத்துத் தீ தாண்டாத வெறும் மண் பட்டையாகக் கோடு போடலாம், எல்லைக்கு அப்பால் ஒரு செடியைத் தொடக்கூடாது. அந்தப் பக்கம் வெட்ட வேண்டும் என்றால் தையிலேயே வனத்துறைக்கு எழுதிக் கொடுங்கள், சீசனுக்கு முன் கோடு எடுப்பது அவர்கள் வழக்கமான வேலை, தீத்தடுப்புக் காவலர்களையும் அப்போதுதான் எடுப்பார்கள்.

எதிர்த்தீ, அதாவது வருகிற தீக்கு எதிரே நாமே ஒரு தீ வைப்பது, கூடவே கூடாது. காற்று திரும்பினால் இரண்டு தீக்கும் நடுவில் நீங்கள். 2020 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் தீயணைக்கப் போய்ச் சூழப்பட்டு இறந்த மூன்று பேரும் வனத்துறையின் காவலர்கள். அந்த வேலையே பார்க்கிறவர்களுக்கே அந்த நிலை.

தண்ணீர் எவ்வளவு வைத்துக்கொள்வது?

மோட்டாரை நம்பாதீர்கள். தீ வந்தால் முதலில் மின்சாரம் போகும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் ஒரு குழாய், கூரை வரை எட்டும் ஓஸ், மாசி முழுவதும் ஆயிரம் லிட்டருக்குக் குறையாத இருப்பு. தொட்டியும் பைப்பும் பிளாஸ்டிக்காக இருந்தால் சுற்றிலும் புல் இருக்கவே கூடாது, உருகிவிட்டால் இருந்த தண்ணீரும் தரையில். இரண்டு டிரம், நான்கு சணல் சாக்கு, பச்சைத் தழைக்கொப்பு, மண்வெட்டி, ஏணி. பொறியை அணைக்க இது போதும். பெரிய தீயை அணைக்க நம்மால் ஆகாது, முயற்சியும் வேண்டாம்.

மலையில் தீ என்று முன்கூட்டியே தெரியுமா? யாருக்குச் சொல்வது?

டேராடூனில் இருக்கும் இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் செயற்கைக்கோள் பார்த்துத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது, பொதுமக்களும் அவர்கள் தளத்தில் கைபேசி எண்ணைப் பதிந்தால் இலவசமாகக் குறுஞ்செய்தி வரும். ஆனால் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் ஒரு நாளைக்குச் சில தடவைதான் போகிறது, சின்னத் தீயும் அதன் கண்ணுக்குப் படாது. எதிர் மலையில் மேய்க்கிறவரிடம் உங்கள் எண் இருந்தால் அது இதைவிட வேகம்.

தீயணைப்பு 101, அவசரத்துக்கு 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மூன்றும் இரண்டு மாநிலத்திலும் ஒன்றே. எல்லையில் கைபேசி எந்த மாநில டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே எடுத்த எடுப்பில் மாவட்டத்தின் பெயரையும் ஊரையும் சொல்லிவிடுங்கள். உங்கள் சரகத்து வனக்காப்பாளர் எண்ணைச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

தீ நெருங்கினால் வீட்டில் இருப்பதா, கிளம்புவதா?

வயதானவர்கள், குழந்தைகள், இளைப்பு உள்ளவர்கள் புகை தெரிந்ததுமே ஊருக்குள் போய்விட வேண்டும். மற்றவர்களும் சந்தேகம் வந்தால் கிளம்பிவிடுங்கள், கடைசி நிமிடத்தில் ஓடுவதுதான் ஆளைக் கொல்கிறது. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காய்ந்த புல் சரிவில் மாட்டிக்கொண்டார்கள், 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் ஊரில் அதை மறந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். சரிவில் மேல்நோக்கி ஓடித் தீயை ஜெயிக்க முடியாது. ஓடைப் பள்ளமும் ஆபத்து, அது புகைபோக்கி மாதிரி சூட்டை மேலே இழுக்கும். பாறை, உழுத வயல், தார்ரோடு, ஏற்கெனவே எரிந்து கறுத்த இடம், இவற்றை நோக்கிப் பக்கவாட்டில் நகருங்கள்.

கிளம்ப வழியே இல்லாமல் வீட்டில் மாட்டிக்கொண்டால், கேஸ் சிலிண்டரை மூடி, ஜன்னல் கதவெல்லாம் சாத்தி, நைலான் திரையைக் கழற்றி எறிந்து, கதவடிச் சந்தில் ஈரத்துண்டு செருகி, தீ வருகிற பக்கத்து அறையை விட்டு எதிர்ப்பக்கம் போய் இருங்கள். புல்தீ ஒரு இடத்தில் சில நிமிடத்துக்கு மேல் நிற்காது. அது தாண்டியதும் உடனே வெளியே வந்து கூரையையும் சுவரோரத்தையும் பாருங்கள், வீடு பற்றுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். உடம்பில் முழுக்கைப் பருத்திச் சட்டை, செருப்பு அல்ல ஷூ. பாலியஸ்டர் நைட்டியும் லோயரும் தோலோடு ஒட்டிவிடும்.

ஆடு மாடு?

அவிழ்த்து விடுங்கள். கட்டின மாடு கட்டுத்தறியிலேயே வெந்து சாகும், அவிழ்த்தது எப்படியும் வழி கண்டுபிடிக்கும். நேரம் இருந்தால் உழுத வயலுக்கு ஓட்டிவிட்டு வாருங்கள். வைக்கோல் படப்பைத் தொழுவத்தோடு ஒட்டிப் போடுவது இழுக்கிற கைக்கு வசதிதான், ஆனால் நூறடி தள்ளிப் போடுங்கள். தீ எரிகிற நாளில் பாம்பு முதல் பன்றி வரை எல்லாம் கீழே இறங்கும், விறகு எடுக்கும்போது பார்த்து எடுங்கள்.

தீக்காயம் பட்டால்?

குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரி. இங்க், பற்பசை, மஞ்சள், முட்டை எதுவும் வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

2021 ஏப்ரலில் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரவேண்டும் என்று வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டு பாலிசியில் காட்டுத்தீயும் புதர்த்தீயும் சேர்த்திதான். கட்டிடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமானுக்குக் கட்டிடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சத்துக்கு மேல் போகாமல், தானாகவே சேரும். நிற்கிற பயிர், மாடு, களத்துப் பஞ்சு இதில் வராது. தையில் சுத்தம் செய்து முடித்ததும் வீட்டைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தீ அணைந்துவிட்டது. இனி பயமில்லையே?

ஒன்றிரண்டு நாள் கண்ணை எடுக்காதீர்கள். வேரும் பழைய அடிக்கட்டையும் மண்ணுக்குள் கனன்று மறுநாள் மதியக் காற்றில் எழும். வரப்போரம் புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள், சூடு இருந்தால் தோண்டித் தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள். எரிந்த சரிவுக்குக் கீழே வீடு இருந்தால் அடுத்த வேலை மழைக்கு. புல் இல்லாத சரிவில் முதல் கோடை மழையே சாம்பலையும் கல்லையும் சேர்த்து இறக்கும். ஓடையில் விழுந்து கிடக்கும் கரிக்கட்டைகளை அகற்றி, வீட்டு மேல்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டு, கிணறு திறந்த கிணறாக இருந்தால் சுற்றி இரண்டடி மண் அணையுங்கள். இவ்வளவும் சித்திரை பிறப்பதற்குள் முடிந்தாக வேண்டும்.